நேர்முகப் பரீட்சைக்கு எதை உடுத்துவது?

(நூற்றாண்டு விழாவின் ஓர் அங்கமாக, உயர்தர வகுப்பு மாணவியருக்கான தொழில் வழிகாட்டல் அமர்வில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



இந்த அமர்வில் பேசவேண்டிய விடயங்களை உங்களிடமே எழுதிக் கேட்டிருந்தோம். சம்பளம் எவ்வளவு, சிங்களம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், கொழும்பில் எங்கே தங்குவது என்று பல கேள்விகள் வந்தன. ஆனால் சீட்டுக்குச் சீட்டு திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான்: "அக்கா, இன்டர்வியூவுக்கு என்ன உடுத்திட்டுப் போறது?" பெயர் போடாமல் எழுதியிருந்தீர்கள். கேட்கவே கூச்சப்பட்டிருக்கிறீர்கள் என்று விளங்கியது. கூச்சப்பட வேண்டியதில்லை. மேடையில் நிற்கும் நாம் நால்வரும் ஒரு காலத்தில் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருந்தவர்கள்தாம். ஆகவே இன்று அதையே பேசுவதென்று தீர்மானித்தோம்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதை முதலில் யோசித்துப் பார்ப்போம். 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடசாலைச் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. முதலாம் ஆண்டிலிருந்து பதின்மூன்றாம் ஆண்டு வரை, நாளைக்கு எதை உடுத்துவது என்ற கேள்வியை அந்த வெள்ளைத் துணியே எமக்காகத் தீர்த்து வைத்தது. கிளாக்கர் வீட்டுப் பிள்ளையும் பால் வெட்டுபவர் வீட்டுப் பிள்ளையும் காலைக் கூட்டத்தில் ஒரே நிறத்தில் நின்றோம். உயர்தரம் முடிந்து, முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் காலையில்தான் சீருடை இல்லாமல் முதன்முதலாக அந்நியர் முன் நிற்கப் போகிறோம். துணியை வைத்து எம்மை அளப்பார்களோ என்ற பயம் அங்கேதான் பிறக்கிறது.

வங்கிக்கோ அரச அலுவலகத்துக்கோ போவதென்றால் ஓரளவு வழக்கம் இருக்கிறது. சேலை என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். கலை சார்ந்த வேலைகளில் அப்படி எழுதிய சட்டம் இல்லை. விளம்பர நிறுவனம், வானொலி, தொலைக்காட்சி, ஆடை வடிவமைப்பு, புத்தக வடிவமைப்பு, எமது இரத்தினபுரிக்கே உரிய இரத்தினக்கல், நகை வடிவமைப்பு, நடன, சங்கீத, சித்திர ஆசிரியப் பணி: இவை எல்லாம் கலைத்துறைதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு வழக்கம். ஓரிடத்தில் சேலை மரியாதை. இன்னோரிடத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல் தெரியும். எனவே "இதை உடுத்துங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எப்படித் தெரிவு செய்வது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தத் தெரிவுக்கான அறிவு எமது வீட்டிலேயே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் அம்மா இடுப்பில் ஏன் படங்கு கட்டுகிறார்? தேயிலைச் செடியின் கிளை கிழிக்காமலும், காலைப் பனியில் உடல் நனையாமலும் இருப்பதற்காக. கூடையின் கயிறு அழுத்தும் தலையில் ஏன் துணியை மடித்து வைக்கிறார்? கேகாலைப் பக்கம் பால் வெட்டப் போகும் அம்மா ஏன் பழைய உடுப்பை மட்டும் உடுத்துகிறார்? இறப்பர் பால் பட்ட கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. உடை என்பது வேலைக்கு ஏற்ற கருவி என்று எவரும் சொல்லித்தராமலேயே எம் அம்மாமாருக்குத் தெரியும். நேர்முகப் பரீட்சைக்கும் அதே கணக்குத்தான். அங்கே போய் என்ன செய்யச் சொல்வார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் செய்யக்கூடிய உடுப்பை உடுத்துங்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அழகியல் பாட ஆசிரியப் பணிக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் போகிறவர்கள் சேலையோடு போங்கள். இந்தச் சேலை விடயத்தில் நாட்டிலேயே விவாதம் இல்லாமல் இல்லை. 2019 மே மாதத்தில் அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழுந்த பின் மாற்றப்பட்டது. 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையில் பாடசாலைக்கு வந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அந்த விவாதத்தில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் பரீட்சைச் சபையின் முன் இருக்கும் பத்து நிமிடங்களை உங்கள் சான்றிதழ்களுக்குச் செலவழியுங்கள். உடைக்குச் செலவழிக்க வேண்டாம். செயன்முறைப் பரீட்சை உண்டென்றால் நடனத்துக்கான பயிற்சிச் சேலையைத் தனியாக எடுத்துப் போங்கள். சங்கீதத்துக்கு நிலத்தில் சம்மணமிட்டு உட்காரச் சொல்வார்கள். இறுக்கமான பாவாடையோடு உட்கார்ந்தால் சுருதி சேராது.

வானொலிக் குரல் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆரம்பமானது. எம் பாடசாலையைப் போல அதுவும் நூறாண்டு கண்டது. அந்த அறையில் உங்கள் சேலையின் விலையை எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதன் சத்தத்தைக் கேட்பார்கள். கண்ணாடி வளையல், சலங்கை வைத்த கொலுசு, சரசரக்கும் மொடமொடத்த துணி எல்லாவற்றையும் மைக் பிடித்துவிடும். மென்மையான பருத்தித் துணியே நல்லது. கழுத்தையும் இடுப்பையும் இறுக்காத உடுப்பாக இருக்கட்டும். மூச்சு தாராளமாக இருந்தால்தான் குரல் தாராளமாக வரும்.

தொலைக்காட்சியில் கண் வேறு வேலை செய்கிறது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஆரம்பமானதிலிருந்து செய்தி வாசிக்கும் பெண்களைச் சேலையில் பார்த்தே வளர்ந்தோம். கமெரா முன் சோதித்துப் பார்ப்பார்கள் என்றால் நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் வேண்டாம். திரையில் அவை நெளிவது போல் தெரியும். பளிச்சென்ற வெள்ளையும் மினுமினுக்கும் சரிகையும் வெளிச்சத்தில் முகத்தை மங்கச் செய்யும். பின்னால் பச்சைத் திரை வைத்துப் படம்பிடிப்பதும் உண்டு. பச்சை உடுத்தினால் உடம்பும் சேர்ந்து மறைந்துபோகும். ஒற்றை நிறம், நடுத்தர அழுத்தம், மைக் குத்த ஓர் இடம் – இவ்வளவும் போதும். அந்த வாரத்தில் புதிய வெண்மைக் கிறீம் எதையும் முகத்தில் பரீட்சிக்க வேண்டாம். உங்கள் நிறம் திருத்த வேண்டிய பிழை அல்ல.

ஆடை வடிவமைப்புப் பக்கம் போகிறவர்களை மாதிரித் தையல் அறைக்குக் கூட்டிச் செல்லக்கூடும். தொங்கும் ஷோல் தையல் இயந்திரத்தோடு ஒத்துப்போகாது. பஞ்சாபி உடுத்தினால் ஷோலை இறுக்கி ஊக்குக் குத்துங்கள், அல்லது ஷோல் தேவைப்படாத தைப்பைத் தெரிவு செய்யுங்கள். விரல் மூடிய சப்பாத்து நல்லது. இங்கே இன்னொன்றும் உண்டு: உங்கள் உடுப்பின் தையலை அவர்கள் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய விலையுயர்ந்த உடுப்பைவிட, நீங்களே வெட்டித் தைத்து, உள்மடிப்பு ஒழுங்காக முடித்த ஒரு சாதாரண புளவுஸ் உங்களைப் பற்றி அதிகம் பேசும். நகை வடிவமைப்புக்குப் போகிறவர்கள் கூந்தலைக் கட்டி, கையை வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே செய்த ஒரே ஒரு அணி இருந்தால் போடுங்கள். இரவல் நகையை அடுக்கிக்கொண்டு போனால், நகை தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார்கள்.

விளம்பர நிறுவனங்களிலும் வடிவமைப்பு அலுவலகங்களிலும் அழைப்புக் கடிதத்தில் 'ஸ்மார்ட் கெஷுவல்' என்று போட்டிருப்பார்கள். எமது பேச்சில் அதன் அர்த்தம்: கல்யாணத்துக்குப் போகும் உடுப்பும் வேண்டாம், கடைக்குப் பாண் வாங்கப் போகும் உடுப்பும் வேண்டாம். அயன் பண்ணிய புளவுஸும் நேரான காற்சட்டையும், அல்லது எளிமையான பஞ்சாபி, அல்லது முழங்காலுக்குக் கீழ் வரும் கவுன். இறப்பர் செருப்பு வேண்டாம். கைத்தறித் துணிக்கு இப்படிப்பட்ட இடங்களில் தனி மதிப்பு உண்டு. பாபரா சன்சோனி அம்மையார் 1960களில் ஆரம்பித்த 'பெயார்ஃபுட்', இந்நாட்டுப் பெண்கள் நெய்த கைத்தறியின் நிறங்களுக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. பளபளக்கும் வெளிநாட்டுத் துணிதான் உயர்ந்தது என்ற எண்ணம் வடிவமைப்பாளர்களிடம் செல்லாது.

கலைத்துறைப் பெண்ணின் உடை பற்றிப் பேசும்போது மினெட் டி சில்வா அம்மையாரைச் சொல்லாமல் விட முடியாது. 1918இல் பிறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வோட்டர் நகரில் நவீன கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு நடந்தபோது சேலையில் சென்று கலந்துகொண்டார். அடுத்த ஆண்டே பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்ற பெயரையும் பெற்றார். கோட்டும் சூட்டும் நிறைந்த சபையில் அந்தச் சேலை ஏன் பொருந்தியது? அவர் கட்டிய வீடுகளைப் பார்த்தால் விளங்கும். தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைஞரின் வேலையையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். உடையும் வேலையும் ஒரே பேச்சைப் பேசின. அதுதான் பொருத்தம்.

அவர் கண்டியின் வசதியான அரசியல் குடும்பத்துப் பிள்ளை. எமது நிலை வேறு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தோடு எமக்கும் ஓர் உறவு உண்டு. அவரது தாயார் அக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சாட்சியமளித்தவர். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்குமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே, அவர்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் தயங்காமல் பதில் சொன்னவர். எம் பாட்டிமாருக்காக அன்று ஒருவர் சொன்ன அந்த ஒரு சொல்லை நாம் மறக்கலாகாது.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவாகியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகியது. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது அதை ரூபாவில் எண்ணாமல் அம்மாவின் நாட்களில் எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டின் அந்தச் சம்பளக் கணக்கில் 5400 ரூபா உடுப்பென்றால் நான்கு நாள் கொழுந்து. நான்கு நாள் கொடுக்கலாம். பதினைந்து நாள் கொடுக்கக் கூடாது. நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ உடுப்பு எடுக்கவே வேண்டாம். வேலை கிடைத்த பிறகு அந்த உடுப்பை அலுவலகத்துக்கும் உடுத்தலாமா என்று யோசித்து வாங்குங்கள். இரத்தினபுரியிலிருந்து ஹைலெவல் வீதியால் போகும் பஸ் மஹரகமையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகிறது. பாமுனுவப் பக்கத்துத் துணிக்கடைகளில் பேரம் பேசத் தெரிந்தால் போதும். அதைவிட மலிவான வழியும் உண்டு: அக்காவின் பழைய உடுப்பை உங்கள் அளவுக்குப் பிடித்துத் தைப்பது. தோளும் இடுப்பும் சரியாக உட்கார்ந்த பழைய உடுப்பு, தொளதொளக்கும் புதிய உடுப்பைவிட எப்போதும் மேல்.

இரவல் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடுப்பு வாங்கலாம், சப்பாத்து வாங்காதீர்கள். இரவல் சப்பாத்து கடித்தால் முகம் காட்டிக்கொடுக்கும். எதை உடுத்துவதென்றாலும் இரண்டு நாளுக்கு முன்பே வீட்டில் ஒருமுறை உடுத்திப் பாருங்கள். உட்காருங்கள், எழும்புங்கள், குனியுங்கள், கையை உயர்த்துங்கள், படியேறுங்கள். எங்காவது இழுத்துவிட வேண்டியிருந்தால் அந்த உடுப்பு வேண்டாம். கையால் உடுப்பை இழுத்துக்கொண்டிருப்பவருக்குக் கேள்வியில் மனம் நில்லாது.

பொட்டு வைக்கலாமா, காற்சட்டை உடுத்தலாமா என்ற கேள்விகளுக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தினமும் பொட்டு வைப்பவர் அன்றும் வையுங்கள். வைக்காதவர் அன்றைக்கென்று வைக்கத் தேவையில்லை. காற்சட்டை உடுத்திப் பழக்கமில்லாதவர் அன்று முதன்முறையாக உடுத்த வேண்டாம். உடுத்த விரும்புகிறவர், வீட்டிலுள்ளவர்களோடு முன்கூட்டியே பேசி முடியுங்கள். வீட்டில் சண்டை பிடித்துவிட்டுப் பஸ் ஏறினால் அந்தச் சண்டையும் நேர்முகப் பரீட்சைக்குக் கூடவே வரும்.

அடுத்தது எமது மாகாணத்துக்கே உரிய பிரச்சினை: மழை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. மேற்பிரிவு லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்குள் சேறும் அட்டையும் பங்கு கேட்கும். ஆகவே நடப்பதற்கு ஓர் உடுப்பு, நுழைவதற்கு ஓர் உடுப்பு. நல்ல உடுப்பைச் சுருட்டி – மடித்தால் கோடு விழும் – பொலித்தீன் பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். எங்கே மாற்றுவது என்பதை முன்பே தீர்மானியுங்கள். ஒரு துவாய், நான்கு ஊக்கு, நூல் கோத்த ஊசி, மாற்றுச் செருப்பு – இவை கைப்பையில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வேலைத் தொகுப்பை இரண்டு பொலித்தீனில் சுற்றுங்கள். நனைந்த உடுப்பை மன்னிப்பார்கள். நனைந்த ஓவியத்தை மன்னித்தாலும் பார்க்க முடியாது.

இப்போது கைத்தொலைபேசியிலும் நேர்முகப் பரீட்சை நடக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே முகம் வைத்து உட்காருங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துத் தெரியும். சுவரின் நிறமும் உடுப்பின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டாம். லயத்துச் சுவர் தெரிகிறதே என்று வெட்கப்பட வேண்டாம்; சுத்தமான சுவர் எங்கிருந்தாலும் சுத்தமான சுவர்தான்.

தங்கைகளே, இவ்வளவையும் சொன்ன நாம், உடை எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்மில் ஒருவர் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சென்றார். நன்றாக அயன் பண்ணிய நீலக் கவுன், கையில் வேலைத் தொகுப்பு. வாசலில் இருந்தவர் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, துப்புரவு வேலைக்கு வந்தவர்கள் பின்வாசலால் வரவேண்டும் என்றார். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். எம் தோழி குரலை உயர்த்தவில்லை. அழைப்புக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே போய் வேலையும் பெற்றார். நாம் சொல்ல வருவது அந்த வெற்றியை அல்ல. அந்தக் காலையில் அவர் உடுத்தியிருந்ததில் எந்தக் குறையும் இருக்கவில்லை. எந்தச் சேலையும் எந்தச் சப்பாத்தும் அந்தச் சொல்லைத் தடுத்திருக்காது. பிழை அவரது உடுப்பில் இல்லை, கேட்டவரின் கண்ணில் இருந்தது. இப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால், வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று உங்களிடம் குறை தேடாதீர்கள். துணி சுமக்கக்கூடியதை மட்டும் துணியின் மேல் சுமத்துங்கள்.

"எந்த ஊர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். எம்மில் பலர் 'இரத்தினபுரி', 'கேகாலை' என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிடுகிறோம். விழுங்காதீர்கள். மற்ற வேலைகளுக்கு ஊர் வெறும் முகவரி. கலைத்துறையில் அது உங்கள் மூலப்பொருள். பால் வடியும் கோப்பைகள் வரிசையாகத் தொங்கும் இறப்பர் காட்டின் கோடுகள், கொழுந்து நிறுக்கும் இடத்தின் சத்தங்கள், காமன் கூத்தின் ஒப்பனை, தீபாவளிக்கு முந்திய இரவு லயத்துத் திண்ணையில் ஓடும் தையல் இயந்திரம் – இவற்றைப் பார்த்து வளர்ந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதை வரைந்து, தைத்து, எழுதி உங்கள் தொகுப்பில் வையுங்கள். பரீட்சைச் சபை கடைசியில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

இறுதியாக, உலகின் பல திசைகளிலிருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். தங்கைகளுக்குப் பழைய உடுப்புகளைப் பொதி கட்டி அனுப்பலாமா என்று சிலர் அன்போடு கேட்டார்கள். அதைவிட அவசியமானவை மூன்று இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை என்றால், யட்டியாந்தோட்டைக்கு மேலேயோ இறக்குவானைக்கு மேலேயோ இருக்கும் பிள்ளை நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நாம், முதல்நாள் இரவு ஒரு தங்கைக்குப் படுக்க இடமும், காலையில் ஓர் அயன்பெட்டியும், உடுத்திப் பார்க்க ஒரு கண்ணாடியும் தரலாம். தையல் தெரிந்தவர்கள் ஊரிலிருந்தே அளவு பிடித்துக் கொடுக்கலாம். தூர தேசங்களில் இருப்பவர்கள் முதல்நாள் மாலை தொலைபேசியில் அரை மணி நேரம் மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பழக்கலாம். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்; எம் நால்வரின் பெயர்களும் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

நூறாண்டாக இந்தப் பாடசாலை எமக்கு ஒரு சீருடை தந்தது. அதைக் கழற்றி வைக்கும் நாளில் எம் தங்கை தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது எமது பொறுப்பு.